உடைந்த போத்தலும் ஊதுகுழலும்



வீட்டிலே ஒரு போத்தல் உடைந்தால் நாம் செய்வது யாது? பிள்ளைகளை அப்பால் நிற்கச் சொல்லி, பிசுங்கான்களைக் கூட்டி அள்ளி, வேலியோரத்திலோ பாழ்ங்கிணற்றிலோ கொட்டிவிடுகிறோம். அத்துடன் அதன் கதை முடிந்தது என்பது நம் எண்ணம். ஆனால், கண்ணாடி உக்கிப் போகும் பொருளன்று. இலைகுழை மண்ணாகிவிடும், இரும்பு துருவேறி உதிரும், பிசுங்கானோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். வெறுங்காலுடன் வயலில் இறங்கும் வன்னி மக்களுக்கு இது சிறு செய்தியன்று. போரினால் இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டுவந்து, இடிந்த வளவுகளைத் துப்புரவாக்கிய குடும்பங்களுக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும், அழியாத இக்குணமே கண்ணாடியின் சிறப்புமாகும். கண்ணாடியின் பெரும்பகுதி மணலே. சிலிக்கா மணல் தனித்து உருகுவதற்கு ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாச் சாம்பல் சேர்த்தால் குறைந்த வெப்பத்தில் உருகும். சுண்ணாம்புக்கல் சேர்த்தால் நீரில் கரையாத உறுதி பெறும். உடைந்த கண்ணாடியோ, இவ்வாறு முன்னரே உருகிக் கலந்த பொருள். ஆகவே, புதுக் கலவையிலும் எளிதாக உருகும். உலையில் இடும் கலவையில் பத்திலொரு பங்கு உடைந்த கண்ணாடியாக இருப்பின், எரிபொருளில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று வரை மிச்சமாகும் என்பது தொழில் வல்லுநர் கணக்கு. கடதாசியை மீண்டும் மீண்டும் கூழாக்கினால் அதன் நார் நைந்துபோகும். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினும் அதன் தரம் குன்றுவதில்லை.

உருகிய கண்ணாடி பாகு போல இழுபடும். கைவினைஞர் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அதனைத் திரட்டி எடுத்து, மறுமுனையில் வாய்வைத்து ஊதுவார். உருண்டைக்குள் காற்றுப் புகுந்து குமிழாக விரியும். குழாயை இடைவிடாது சுழற்றிக்கொண்டேயிருத்தல் வேண்டும். நிறுத்தினால் குமிழ் ஒரு பக்கம் தொங்கிவிடும். செய்து முடித்த பாத்திரத்தை உடனே வெளிக்காற்றில் வைத்தால் வெடித்துவிடும். ஆகவே, ஏறத்தாழ 500 பாகை வெப்பமுள்ள வேறோர் அடுப்பில் வைத்து மெல்ல ஆறவிடுவர்.

இக்கலை கி.மு. முதலாம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் தோன்றியது. அடுத்த நூற்றாண்டிலேயே, உரோமாபுரித் தெருக்களில் கந்தகக் குச்சிகளைக் கொடுத்து உடைந்த கண்ணாடியை வாங்கித் திரிந்தவர்களைக் கவிஞர் மார்சியல் குறிப்பிடுகிறார். நம் ஊருக்குப் பழைய போத்தல் வாங்க வருபவரின் தொழில் எத்துணைப் பழைமையானது பாருங்கள்!

போர் கண்ட நமக்கு, யப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவின் வரலாறு சிறப்பாக அறியத்தக்கது. 1945இல் நடந்த கொடும்போரில் அத்தீவு நாசமாயிற்று. விளக்குச் சிமினி முதலியவற்றை ஊதிச் செய்துவந்த பட்டறைகளும் அழிந்தன. போர் முடிந்தபின் மூலப்பொருள் கிடையாமையால், அமெரிக்கப் படைமுகாம்கள் கழித்தெறிந்த கொக்கா கோலா, பியர் போத்தல்களைச் சேர்த்து உருக்கினர் கைவினைஞர். பச்சையும் கபிலமும் அப்போத்தல்கள் தந்த நிறங்களே. கண்ணாடி தடிப்பாக இருந்தது. உள்ளே காற்றுக் குமிழ்களும் தங்கின. குற்றமென்று கழிக்கத்தக்க அவற்றையே மக்கள் அழகென விரும்பி வாங்கினர். 1998இல் ஒக்கினாவா மாகாண அரசு இதனை மரபுக் கைப்பணியாக ஏற்றது.

அப்படியாயின், வன்னியிலும் ஊருக்கோர் உலை மூட்டலாமே என்று சிலர் கேட்கலாம். கண்ணாடி உலை இரவுபகலாக எரிய வேண்டியது. விறகை நம்பினால் நம் காடுகளையே விழுங்கிவிடும். வளையல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்தியாவின் பிரோசாபாத் நகரிலும், தாஜ்மகாலைப் புகையினின்று காக்கும் பொருட்டு 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், உலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற நேர்ந்தது. நமக்கு எளிய வழி வேறுண்டு. ஹொறணையிலுள்ள போத்தல் தொழிற்சாலை உடைந்த கண்ணாடியையும் மூலப்பொருளாக ஏற்கிறது. அங்கே மனித மூச்சுக்குப் பதிலாக இயந்திரம் காற்றை ஊதுகிறது, முறை ஒன்றே.

நாம் செய்யவேண்டியது சேர்ப்பதும் பிரிப்பதுமே. உடையாத போத்தலைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதே முதன்மையான சிக்கனம். அதற்கு உலையே வேண்டாம். உடைந்ததை வெள்ளை, பச்சை, கபிலம் என நிறவாரியாகத் தனித்தனிப் பெட்டியில் இடுக. பீங்கான், முகம் பார்க்கும் கண்ணாடி, மின்குமிழ், வெப்பந்தாங்கும் சமையற் பாத்திரம் ஆகியவற்றைக் கலத்தலாகாது. பீங்கான் துணுக்கு உருகாமற் கல்லாக நின்று, புதுப் போத்தலை வெடிக்கச் செய்யும். பொறுக்கும் வேலையைப் பிள்ளைகளின் வெறுங்கையில் விடாது, பெரியோர் தடித்த கையுறை அணிந்து செய்தல் வேண்டும்.

பாடசாலை, சங்கக்கடை, தேநீர்க்கடை ஆகிய ஒவ்வோரிடத்திலும் மூடியுள்ள பெட்டிகளை வைத்து, நிறைந்ததும் போத்தல் வியாபாரியிடம் ஒப்படைக்க ஓர் ஊர்ச்சங்கம் பொறுப்பேற்றாற் போதும். கிடைக்கும் காசு சிறிதாகவே இருக்கலாம். பிள்ளைகள் காலில் காயமின்றி ஓடியாடக்கூடிய வளவுகள் நமக்குக் கிடைக்கும்.