இரத்தம் தரும் எச்சரிக்கை

2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் கொரோனா நோய் தலைகாட்டியது. விரைவிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் குணமடைந்தனர். ஆனால் சிலரோ, முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சல் வந்தவர்களைப் போல இருந்துவிட்டு, பிறகு திடீரென மூச்சுத் திணறி அபாய நிலையை அடைந்தனர். யாருக்கு ஆபத்து நேரும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? இவ்வினாவுக்கு மருத்துவர்கள் இரத்தத்தில் விடை தேடினர்.

நான்கு அடையாளங்கள்

முதலாவது, லிம்போசைட் எனப்படும் வெள்ளணு. வைரஸை எதிர்த்துப் போரிடும் படைவீரன் இது. வளர்ந்தவர்களின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 1,000 முதல் 4,000 வரை இருக்கும். கொரோனா நோய் முற்றியவர்களிடம் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது.

இரண்டாவது, சி-ரியாக்டிவ் புரதம். 1930-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியில் உள்ள 'சி' என்ற பொருளுடன் இது சேர்ந்து வீழ்படிவதால் இப்பெயர் பெற்றது. உடலில் எங்கேனும் அழற்சி தோன்றினால் கல்லீரல் இப்புரதத்தை ஏராளமாகச் சுரக்கும்.

மூன்றாவது, எல்.டி.எச். என்னும் நொதி. இது உயிரணுக்களின் உள்ளே இருக்க வேண்டியது. அணுக்கள் சிதையும்போது வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே இதன் அளவு உயர்ந்தால், உடலில் எங்கோ திசுக்கள் சேதமடைகின்றன என்று பொருள்.

நான்காவது, டி-டைமர். இரத்தக் கட்டி கரையும்போது உண்டாகும் புரதத் துணுக்கு இது. வூஹானில் 191 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். மருத்துவமனையில் சேர்ந்தபோதே ஒரு மில்லிலிட்டரில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் டி-டைமர் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்பது 2020 மார்ச்சில் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

கணிப்புக்கு ஒரு சோதனை

2020 மே மாதத்தில் மற்றொரு வூஹான் ஆய்வு வெளிவந்தது. 485 நோயாளிகளின் விவரங்களைக் கணிப்பொறியில் இட்டு, முதல் மூன்று அடையாளங்களைக் கொண்டே ஒரு விதியை வகுத்தனர். பத்து நாட்களுக்கு முன்னரே நோயாளியின் முடிவை 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கூறலாம் என்றனர். ஆனால் நெதர்லாந்திலும் நியூயார்க்கிலும் இவ்விதியைச் சோதித்தபோது அது அவ்வளவாகப் பலிக்கவில்லை!

காரணம் என்ன? விதியை வகுக்க நோயாளிகளின் கடைசி இரத்த மாதிரிகளைப் பயன்படுத்தியிருந்தனர். கடைசி ஓவரில் நின்று, வெல்லும் அணி எது என்று சொல்வது எளிது. முதல் ஓவரிலேயே சொல்வதுதான் கடினம். மருத்துவருக்குத் தேவையானதோ முதல் நாள் கணிப்பு.

பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். 35,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். பின்னர் வேறு 22,000-க்கும் மேற்பட்டோரிடம் அதனைச் சரிபார்த்தே 2020 செப்டம்பரில் வெளியிட்டனர். அதில் எட்டு விவரங்கள் உண்டு: வயது, பால், பிற நோய்கள், மூச்சின் வேகம், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு, நினைவு நிலை, யூரியா, சி-ரியாக்டிவ் புரதம். இவற்றுள் ஆய்வகத்தில் இரத்தத்தைச் சோதித்து அறிபவை கடைசி இரண்டு மட்டுமே. நோயாளியை நேரில் பார்ப்பதற்கு ஈடாக இரத்தச் சோதனை ஆகாது என்பது இதிலிருந்து விளங்கும்.

முன்னறிவதால் பயன் என்ன?

பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வில், பிராணவாயு குறைந்து, சி-ரியாக்டிவ் புரதமும் லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு டோசிலிசுமாப் என்ற மருந்தைச் சோதித்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 35 பேர் இறந்தனர்; இம்மருந்தையும் பெற்றவர்களில் 31 பேர் இறந்தனர். அதாவது, நூற்றுக்கு நான்கு உயிர்கள் தப்பின. மருந்து யாருக்குத் தேவை என்று காட்ட அந்த எளிய சோதனை உதவியது.

இரத்தச் சோதனை சோதிடம் அன்று. எண் உயர்ந்த ஒருவர் பிழைத்துவிடலாம். தாழ்ந்த ஒருவர் திடீரென நலிவுறலாம். பலரிடம் கண்ட உண்மையைக் கொண்டு, எவரை அதிகக் கவனத்துடன் காக்க வேண்டும் என்று எச்சரிப்பதே அதன் பணி. கணிப்பைப் பொய்யாக்கி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதுதான் மருத்துவத்தின் வெற்றி.