செங்கம் சாலை இங்கிலீஷ்

திருவண்ணாமலையில் செங்கம் செல்லும் சாலையிலே, ஸ்ரீ ரமணாசிரமத்தின் வாசலை அடுத்து, கூரையும் பெஞ்சும் இல்லாத பள்ளிக்கூடம் ஒன்று நெடுநாளாக நடந்து வருகிறது. இளநீர் வெட்டுகிறவர்களும், பூ விற்கும் பெண்களும், பழக்கடைக்காரர்களும், ஆட்டோ ஓட்டுகிறவர்களுமே அதன் மாணாக்கர்கள். பாடம் ஒன்றே ஒன்று: வாங்கவும் விற்கவும் வேண்டிய இங்கிலீஷ். உபாத்தியாயர்களோ, கார்த்திகை தீபம் கழிந்ததும் வந்து சேர்ந்து, வெயில் கடுமையாவதற்குள் புறப்பட்டுவிடும் பல தேசத்து யாத்திரிகர்கள். அவர்களிலும் பலருக்கு இங்கிலீஷ் தாய்ப்பாஷை அன்று என்பது இப்பள்ளிக்கூடத்தின் விசேஷம்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வயதாகப் போகிறது. பால் பிரண்டன் என்ற இங்கிலீஷ்காரர் பகவான் ரமணரைத் தரிசித்துச் சென்று எழுதிய புத்தகம் 1934-ஆம் வருஷம் லண்டனில் வெளியாயிற்று. அதன் பிறகு மேனாட்டார் வரவு பெருகியது. 1938-இல் பிரபல நாவலாசிரியர் ஸாமர்ஸெட் மாம் கூட வந்து போனார். 1950 ஏப்ரலில் மகரிஷி சமாதியடைந்த பின்பும் அந்த வரவு நிற்கவில்லை. வந்தவர்கள் ஞானத்தைத் தேடித்தான் வந்தார்கள்; ஆனால் ஞானம் தேடுகிறவருக்கும் வாழைப்பழம் வேண்டியிருக்கிறது அல்லவா?

சாலையோரத்துப் பழக்கார அம்மாளின் இங்கிலீஷ், நாம் காது கொடுத்துக் கேட்டவரையில், ஐம்பது வார்த்தைக்குள் அடங்கிவிடும். "ஹௌ மச்?" என்று கேட்டால் விலை சொல்லத் தெரியும். "டூ மச்" என்றால் முகத்தைச் சுளிக்காமல் "லாஸ்ட் பிரைஸ், மேடம்" என்று பத்து ரூபாய் குறைக்கத் தெரியும். இந்த 'லாஸ்ட் பிரைஸ்' லண்டன் கடைகளில் வழங்கும் பிரயோகம் அன்று. அங்கே 'பெஸ்ட் பிரைஸ்' என்பார்கள். நமது 'கடைசி விலை'தான் கவுன் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது! வெள்ளைக்காரர்களும் இரண்டே நாளில் அதைக் கற்றுக்கொண்டு, தாங்களே "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்கிறார்கள். சில்லறை இல்லாத சமயத்தில் அந்த அம்மாள் சொல்லுகிற "நோ சேஞ்ச், டுமாரோ கிவ்" என்பதில் எழுவாய் இல்லை. காலம் காட்டும் விகுதியும் இல்லை. ஆனாலும் முன்பின் அறியாத ஒருவரிடம் கடன் சொல்லி அனுப்பும் தைரியமும் நம்பிக்கையும் அதில் நிறைந்திருக்கின்றன. நாம் திருத்தும் பரீட்சைத் தாளில் இவ்வாக்கியம் வந்தால் சிவப்பு மையால் கோடு விழும். சாலையிலே அது முழு மதிப்பெண் பெறுகிறது.

நம் பள்ளிகளில் பத்து வருஷம் இங்கிலீஷ் படித்த பிள்ளைகளோ, அதே சாலையில் ஒரு யாத்திரிகர் "இதன் விலை என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டால் ஊமையாகி நிற்கிறார்கள். சூரியோதயத்தைப் பற்றி ஒரு பக்கம் வியாசம் எழுதக்கூடியவர்கள், அரைக் கிலோ தக்காளி வாங்கத் திணறுகிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று. சந்தைக்கடைப் பேச்சைப் பாடமாக வைப்பது கௌரவக் குறைவு என்று கருதியவர்கள் பெரியவர்களே.

தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட இங்கிலீஷ் வார்த்தைகள் இன்னொரு வேடிக்கை செய்கின்றன. நாம் 'கவர்' என்றால் பை. வந்தவர்களுக்கோ அது மூடி அல்லது உறை. பைக்கு அவர்கள் 'பேக்' என்பார்கள். சாப்பாட்டுக் கடையில் "பார்சலா?" என்று கேட்டால், தபாலில் எதையோ அனுப்பப் போகிறார்கள் போலும் என்று விழிப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்தது 'டேக் அவே'. கத்தரிக்காய்க்கு நாம் 'ரேட்' கேட்கிறோம். அவர்களுக்கு வட்டிக்கும் வாடகைக்கும் உள்ளது 'ரேட்'. கத்தரிக்காய்க்கு 'பிரைஸ்' தான். 'சில்லறை' என்ற நம் ஒரே சொல் அவர்களிடம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: கையில் குலுங்குவது 'சேஞ்ச்', கடையில் நடப்பது 'ரீடெயில்'. பின்னதற்குப் பழைய பிரெஞ்சில் துண்டாக வெட்டுதல் என்று பொருள். துணி வெட்டும் 'டெய்லர்' அந்த வார்த்தைக்கு உறவுக்காரர்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத இடமும் உண்டு. நம் வீட்டுப் பெண்மணிகள் மாதந்தோறும் கையில் வாங்கும் கடைச் சீட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துக்களே இருக்கின்றன. 'எம்.ஆர்.பி.' என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் பலர் 'இதுதான் விலை' என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது விலை அன்று, விலையின் உச்ச வரம்பு. 'எல்லா வரிகளும் உட்பட, சில்லறைக் கடையில் இதற்கு மேல் வாங்கலாகாது' என்பதே அதன் பொருள். குறைத்து விற்கக் கடைக்காரருக்குத் தடை ஏதுமில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதைக் காட்டி அச்சிட்ட விலைக்கு மேல் தனியாக வரி கேட்டாலும், குளிர வைத்ததற்கென்று பானத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டாலும், அது முறையன்று. இந்த மூன்றெழுத்தின் பொருள் தெரியாததால் கைவிட்டுப் போகும் காசு குடும்பத்துக்குக் குடும்பம் சிறிது. ஊருக்கு ஊர் கூட்டினால் சிறிதன்று. பழக்கார அம்மாள் தன் பிழைப்புக்கு வேண்டிய வார்த்தைகளைத் தேடிக் கற்றிருக்கிறாள். படித்த குடும்பங்களாகிய நாம் கையிலுள்ள சீட்டைப் படிக்காமல் மடித்து வைக்கிறோம்.

காசு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 'கேஷ்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு இரண்டு பிறப்பு உண்டு. ரொக்கம் என்ற பொருளில் அது பிரெஞ்சு, இத்தாலிய பாஷைகளில் பணப்பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சிறு நாணயம் என்ற பொருளிலோ அது போர்ச்சுகீசியர் வாயிலாகச் சென்ற நமது 'காசு'. கம்பெனியாரின் சென்னைக் கணக்குப் புத்தகங்களில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்றுதான் வரவு செலவு எழுதினார்கள். 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும் வரையில் இது நடந்தது. நம் வீசையும் கண்டியும் கூட அவர்கள் பாஷையில் புகுந்தன. இத்தகைய வார்த்தைகளைத் திரட்டி, தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் என்பவரும் ஹென்றி யூல் என்பவரும் செய்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதி 1886-இல் வெளியாயிற்று. பாவம், பர்னெல் அதை அச்சில் பார்க்கவில்லை; 1882-லேயே காலமாகிவிட்டார். கிழக்கே மலாய் நாட்டுக்குச் சென்ற நம் வணிகர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை, வெறுங்கையோடு போகவுமில்லை. மலாய் பாஷையில் இன்றும் கடைக்குக் 'கெடாய்', முதலுக்கு 'மொடால்' என்றே பெயர்.

ஆகவே கடைத்தெருவில் அந்நிய வார்த்தை பேசுவதால் தமிழுக்கு மானக்கேடு என்று நாம் கருதவில்லை. இங்கிலீஷ்காரரின் 'ஸெல்' என்ற வார்த்தைக்கே பழங்காலத்தில் 'கொடு' என்றுதான் பொருள். நம் சந்தையிலும் "என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்றுதானே கேட்கிறோம்? அவர்களுடைய 'சீப்' முன்பு வியாபாரத்தையே குறித்தது. லண்டனில் சேப்ஸைடு என்ற தெரு பழைய கடைவீதியின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. விற்கிறவனும் வாங்குகிறவனும் எந்தத் தேசத்திலும் ஒரே ஜாதிதான் போலும்.

ஆனால் வந்த வார்த்தை இருக்கும் வார்த்தையைத் துரத்தினால்தான் நஷ்டம். 'கொசுறு' என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்லுவது? ரொட்டிக் கடைக்காரர் டஜனுக்குப் பதின்மூன்று கொடுக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு; ஆனால் நிறை குறைந்தால் தண்டனை வருமே என்ற பயத்தால் ஏற்பட்டது அது என்பர். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் 'லான்யாப்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அது கொசுறேதான். மார்க் ட்வெயின் அதில் மயங்கி, 1883-இல் வெளியிட்ட தமது மிஸிஸிப்பி நதிப் புத்தகத்தில் வியந்து எழுதியிருக்கிறார். பெருங்கடைகளில் விளம்பரம் செய்யும் 'ஃப்ரீ' இதற்கு ஈடாகாது. அது விலையைப் பேசுமுன்பே பலகையில் தொங்குகிறது. வாங்குகிறவர் யாராயிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கொசுறோ, பேரம் முடிந்து பணமும் கைமாறிய பிறகு, இன்னாருக்கு என்று முகம் பார்த்துப் போடுவது.

பழக்கார அம்மாள் இதையும் அந்நியர்களுக்கு விடாமல் செய்கிறாள். எண்ணிப் போட்ட ஆறு பழத்தோடு ஏழாவதாக ஒன்றை வைத்தால், புதிதாக வந்தவர்கள் கணக்குத் தவறிவிட்டது என்று நினைத்து அதை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதுண்டு. அவளிடம் 'ஃப்ரீ' என்ற வார்த்தை இருக்கிறது. இருந்தும் அந்த இடத்தில் அவள் அதை உபயோகிப்பதில்லை. பழத்தை மறுபடியும் அவர்கள் பையில் போட்டு, "ஃபார் யூ" என்கிறாள்.