இரண்டாண்டு நின்ற கோட்டை



நான் தலைமையாசிரியனாய் இருந்த காலத்தில் ஒரு நாள் வரலாற்று வகுப்பிலே, அமெரிக்க நாட்டில் 1866-ஆம் ஆண்டு நிகழ்ந்த ‘பெட்டர்மன் படுகொலை’யைப் பற்றிக் கூறினேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இரு சாராரும் படைக்கலம் ஏந்தியிருந்தார்கள் என்றீர்களே, அது போர் அன்றோ? படுகொலை என்பது ஏன்?” என்று வினவினான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அவனுக்குரிய விடையை இன்று கூற விரும்புகிறேன்.

1860-களின் தொடக்கத்தில் மான்டானாப் பகுதியிலே பொன் அகப்பட்டது. அதை நாடிச் சென்றோர்க்குப் போஸ்மன் பாதை குறுக்கு வழியாயிற்று. ஆனால் அப்பாதை பவுடர் ஆற்றுச் சமவெளியை ஊடுருவிச் சென்றது. அங்கு மேய்ந்த காட்டெருமைகளே லக்கோட்டா, ஷையான், அரப்பாஹோ மக்களுக்கு உணவும் உடையும் உறையுளும் தந்தன. அந்நிலத்தை லக்கோட்டாக்கள் முன்னர்க் குரோ மக்களிடமிருந்து கைப்பற்றினர் என்பதும் மறைத்தற்குரியதன்று.

1866 ஜூன் மாதத்தில் லாரமிக் கோட்டையில் வழிவிடுமாறு பேச்சு நடந்தது. பேச்சு முடியுமுன்பே கர்னல் கேரிங்டன் படையுடன் வந்து சேர்ந்தார். இதைக் கண்ட செம்முகில் எனப் பொருள்படும் பெயருடைய லக்கோட்டாத் தலைவர் சினந்து வெளியேறினார். ஜூலையில், இன்றைய வயோமிங் மாநிலத்தின் வடபகுதியிலே, பில் கியர்னிக் கோட்டை எழத் தொடங்கியது.

கோட்டைக்கு மரச்சுவர் இருந்தது. ஆனால் மரமும் விறகும் சில மைல் தொலைவிலிருந்த மலைக்காட்டிலிருந்து வரவேண்டும். ஆகவே, விறகு வண்டிகளே தாக்குதலுக்கு இலக்காயின. டிசம்பர் 21-ஆம் நாள் அவற்றைக் காக்கச் சென்ற கேப்டன் பெட்டர்மன், ஓடுவதுபோல் நடித்த சிறு கூட்டத்தைத் துரத்தி, மலைமுகட்டைக் கடந்தார். அப்பால் மறைந்திருந்த பெரும்படை சூழ்ந்துகொண்டது. அவர் உட்பட 81 பேரும் மாண்டனர்.

1867 ஆகஸ்டில் நடந்த வண்டிப்பெட்டிச் சண்டையிலே, விரைவாகக் குண்டேற்றும் புதிய துப்பாக்கிகள் கொண்ட சிறு படை தாக்குதலைத் தாங்கி நின்றது. ஆயினும் பாதையைக் காத்தல் இயலாதென அரசு உணர்ந்தது. இருப்புப்பாதையும் மேற்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அவ்வாண்டுக் கோடையில் படை வெளியேறியது, கோட்டை தீக்கிரையாயிற்று. அதன் பின்னரே, நவம்பரில், செம்முகில் கையொப்பமிட்டார்.

அவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1877-இல் அவர்தம் கருங்குன்றுகள் பறிக்கப்பட்டன. உடன்படிக்கையை முறித்து நிலம் கொண்டதற்கு ஈடு அளித்தல் வேண்டுமென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. லக்கோட்டாக்களோ பணத்தை ஏற்க மறுத்தனர். அவர்கள் கேட்டது நிலம்.

வென்றவர் எழுதும் ஏட்டிலே, தாம் வென்றது போர் என்றும் தாம் தோற்றது படுகொலை என்றும் பெயர் பெறும். மாணவனே, நீ கேட்டது சரியே. அன்று உன்னை அமரச் சொன்ன நான்தான் பிழை செய்தேன்.