1990 எங்கே வழிதவறியது?

சென்ற மாரியில் ஓரிரவு, வலிகாமத்திலுள்ள முதியோர் இல்லமொன்றில், எண்பது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர் நெஞ்சைப் பிடித்தவண்ணம் கட்டிலிற் சாய்ந்தார். மேற்பார்வை செய்யும் அம்மையார் பதறியோடித் தொலைபேசியை எடுத்து 1990 என்று அழுத்தினார். அப்படி ஓர் இலக்கம் இல்லை என்றது ஒரு குரல். மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் அதே குரல். நல்ல காலம், சமையற்காரப் பெண்ணிடம் கையடக்கத் தொலைபேசி இருந்தது. அம்புலன்ஸ் வந்தது, ஐயாவும் பிழைத்துக்கொண்டார்.

1990 என்பது 2016 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் என்பதை நேயர்கள் அறிவர். அச்சேவையிலே பிழை ஏதுமில்லை. இல்லத்துத் தொலைபேசியும் பழுதெனத் தோன்றவில்லை. “தம்பி, கொழும்புக்கு எடுத்தால் போகுது. அம்புலன்ஸுக்கு மட்டும் ஏன் போகேல்லை?” என்று மறுநாட் காலையில் வந்த திருத்துநரை அம்மையார் கேட்டபோது நாமும் அங்கிருந்தோம். விடை கிடைக்க நண்பகலாயிற்று.

இக்காலத்துப் பல கந்தோர்களிற் போலவே அவ்வில்லத்திலும் இரண்டு பெட்டிகள் உள. ஒன்று இணைய முறையில் இயங்கும் உள்ளகத் தொலைபேசி நிலையம். எட்டு அறைகளின் தொலைபேசிகளையும் இணைப்பது அதுவே. மற்றையது ‘வொயிஸ் கேற்வே’ என்பது. தெருக்கம்பியில் வரும் பழைய இணைப்புக்கும் இணைய நிலையத்துக்கும் நடுவே நின்று துபாஷி வேலை பார்ப்பது. நாம் அதனை வாயிற்பெட்டி என்றே சொல்வோம். முன்னாளில் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்மணியிடம் “அம்புலன்ஸ்!” என்று பதறினாலே போதும், பொருளறிந்து இணைத்துவிடுவார். இப்பெட்டிகளுக்கோ பொருள் தெரியாது. எண்களின் வடிவம் மட்டுமே தெரியும். இன்ன வடிவில் இலக்கம் வந்தால் இன்ன வழியே விடு என்று எழுதிவைத்த விதிகளே அவற்றின் அறிவெல்லாம்.

இளைஞர் முதலில் ஒரு கம்பியையும் தொடவில்லை. நிலையத்தின் பதிவேட்டைக் கணினித் திரையிலே திறந்தார். எந்த அழைப்பு எப்போது வந்தது, எங்கே அனுப்பப்பட்டது, என்ன மறுமொழி கிடைத்தது என்பன அதில் வரிவரியாக இருந்தன. முன்னிரவு வரியிலே 1990, எதிரே 404. இணையப் பக்கம் காணாதபோது தோன்றும் அதே 404 தான். இணையத் தொலைபேசிகளுக்கென 1999 இல் வெளியான ‘சிப்’ என்னும் ஒழுங்குமுறை, இக்குறியீடுகளை வலைத்தளங்களிடமிருந்தே கடன் வாங்கியது. ஆனால் வாயிற்பெட்டியின் பெயரே அவ்வரியில் இல்லை. அழைப்பு வீட்டைவிட்டு வெளியேறவே இல்லை!

காரணம் இதுதான். அறைகளின் எண்கள் 1001 முதல் 1008 வரை. நிலையத்தை நிறுவியவர், ஒன்றில் தொடங்கும் நான்கிலக்க எண் யாவும் உள்வீட்டு எண் என்று விதியெழுதிவிட்டார். 1990 உம் அவ்வடிவினதே அன்றோ? இல்லாத அறையொன்றைத் தேடிய நிலையம், இல்லையென்று கைவிரித்தது. பொலிசாரின் 119 எந்த விதியிலுமே அடங்கவில்லை. பூச்சியத்தில் தொடங்கும் பத்திலக்க எண்கள் ஒழுங்காகப் போனமையால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

உள்வீட்டு விதியை எட்டு எண்களுக்கு மட்டுமாகச் சுருக்கி, 1990, 119, 110 ஆகியவற்றுக்குத் தனி விதிகளை எழுதினார் இளைஞர். மீண்டும் அழைத்தார். மீண்டும் 404! இம்முறை அம்மறுப்பு வாயிற்பெட்டியிடமிருந்து வந்தது. பூச்சியத்தில் தொடங்குவதை மட்டுமே வெளியே விடுமாறு அதற்கும் ஒரு கட்டளை இருந்தது. ஒரு காவற்காரன் விட்டாலும் மற்றவன் விடான். அதையும் திருத்திய பின்னரே 1990 இல் மனிதக் குரல் கேட்டது. இது பரிசோதனை அழைப்பென்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இளைஞர் உடனே வைத்துவிட்டார்.

மின்சாரம் நின்று வந்தபின் வெளியிலிருந்து அழைப்புகள் வாரா என்பது அம்மையாரின் இன்னொரு முறைப்பாடு. மின்சாரம் திரும்பும்போது வாயிற்பெட்டிக்குப் புதிய இணைய முகவரி கிடைத்துவிட, நிலையம் அதனை அந்நியனென்று மறுத்திருக்கிறது. முகவரியை நிலையாக்கியதும் அது தீர்ந்தது. இவ்வகைத் தொலைபேசி மின்சாரமின்றி ஊமையாகிவிடும் என்பதால், மின்கல இருப்பொன்றும் வாங்கச் சொன்னார்.

அமெரிக்காவில் இது சட்டமாகவே ஆயிற்று. 2013 டிசம்பரில், ரெக்சஸ் மாநிலத்து மார்ஷல் நகர விடுதியொன்றிலே, தாக்கப்பட்ட தாய்க்காக ஒன்பது வயதுச் சிறுமி 911 ஐ நான்கு முறை அழைத்தாள். வெளியிணைப்புக்கு முதலில் 9 அழுத்தவேண்டும் என்பதை அக்குழந்தை அறியாள். தாய் உயிரிழந்தார். அவர் பெயரால் 2018 இல் நிறைவேறிய ‘காரி சட்டம்’, 2020 பெப்ரவரி 16 இன் பின் நிறுவப்படும் நிலையங்களில் முன்னெண் எதுவுமின்றி 911 நேரே செல்லவேண்டும் என்கிறது.

வலிகாமத்து ஐயா இப்போது நலம். தமது அறைத் தொலைபேசியிலிருந்தும் 1990 ஐ ஒரு தரம் எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். அம்மையார் இசையவில்லை.