கரியும் கறியும்



போன கரிநாளன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதணும்னு ரொம்ப நாளாய் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் சமையல் குறிப்பும் இருக்கு, நான் பட்ட பாடும் இருக்கு.

எனக்குப் புகுந்த வீடு சித்தேரி மலை. அரூரில் பஸ் ஏறி மேலே வரவேண்டும். நாங்கள் மலையாளிகள். உடனே "கேரளாவா?" என்று கேட்காதீர்கள்! இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே தலைமுறை தலைமுறையாய் இருக்கிற பழங்குடி ஜனங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்தபோது, கம்பி வலை வைத்த இரும்பு அடுப்பு ஒன்றையும் ஒரு மூட்டை அடுப்புக்கரியையும் தூக்கிக்கொண்டு வந்தான். "பார்பெக்யூ போடலாம்மா" என்றான். வெளிநாட்டில் எலும்போடு கனமாய் வெட்டின மாட்டுக்கறியை உருளைக்கிழங்கோடு சேர்த்துத் தணலில் சுடுவார்களாம். செல்போனில் படம் காட்டினான். "நம்ம ஊருக்கு வெள்ளாட்டு சாப்ஸே போதும்டா" என்று இரண்டு கிலோ வாங்கிவரச் சொன்னேன்.

முதல் தடவை எல்லாம் பாழ். அவசரத்தில் கரி மேல் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தி, சுவாலை எரியும்போதே கறியை வைத்துவிட்டான். கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு மேலே ஏறியது. கறி வெளியே கருகி, எலும்பு பக்கம் ரத்தம் அப்படியே. வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் வாடை. முழுசாய்ப் போட்ட உருளைக்கிழங்கும் மேலே கரி, உள்ளே பச்சை.

திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்தார். "கங்கு சாம்பல் போத்திக்கிற வரைக்கும் கைய வெச்சிக்கிட்டு சும்மா இருடா. கறி எங்கயும் ஓடிப்போவாது" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்னபடிதான் செய்தோம்.

கரியைப் பற்ற வைக்கக் காய்ந்த தேங்காய் மட்டையே போதும். அரை மணி நேரத்தில் கரி வெளுத்துவிடும். எல்லாத் தணலையும் அடுப்பின் ஒரு பக்கமாய் ஒதுக்கி, மறுபக்கம் காலியாய் விடுங்கள். கறியைத் தணல் மேல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் சிவக்க வாட்டி, காலிப் பக்கத்துக்கு நகர்த்தி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்துவிடவேண்டும். எலும்பை ஒட்டிய சதைதான் கடைசியில் வேகும். அங்கே கத்தியால் கீறிப் பார்த்து, சிவப்பு நீர் வராமல் இருந்தால்தான் எடுக்கணும். வெள்ளாட்டுக்கறி விறைப்பானது என்பதால் இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், உப்போடு ஒரு ஸ்பூன் பப்பாளிக்காய் விழுதும் தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். அதற்கு மேல் ஊறினால் கறி கூழாகிவிடும்.

உருளைக்கிழங்கைத் தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, பாதியாய் வெட்டி, எண்ணெய் தடவி வாட்டினால் போதும். பச்சை நிறம் ஏறிய கிழங்கைத் தொடவே வேண்டாம், அதில் விஷத்தன்மை உண்டு. மரவள்ளியையும் இப்படி வாட்டலாம். ஆனால் ஜவ்வரிசி ஆலைக்கென்று போடுகிற கசப்பு ரகம் ஆகாது. சாப்பிடுகிற ரகத்தையும் தோலுரித்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வாட்டணும்.

இரண்டாவது ஈடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், தட்டில் எலும்பு மட்டும்தான் மிச்சம்.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது. தை மாதக் குளிர் எங்கள் மலையில் எலும்பைத் துளைக்கும். மீதித் தணல் வீணாகிறதே, பேரப்பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பாய் இருக்குமே என்று அடுப்பை அப்படியே படுக்கிற அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டேன். புகையே இல்லையே, என்ன ஆகப்போகிறது என்கிற தைரியம்!

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை பாரமாகி வலித்தது. பேத்தி வாந்தி எடுத்தாள். கறி சேரவில்லை போல என்று எண்ணி ஓமத்தண்ணீர் கொடுக்க எழுந்தால் கால் தள்ளாடுகிறது. சத்தம் கேட்டு வந்த மாமியார்தான் கதவைத் திறந்து, "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திப் பிள்ளைகளை வாசலுக்கு இழுத்து வந்தார். அந்த ராத்திரியே ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பேத்திக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நினைக்கவே பயமாயிருக்கு.

டாக்டர் சொன்னது இது. தணலில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமில்லை, வாசனை இல்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாய் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு, ஆக்ஸிஜனை ஏறவிடாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

"அந்தக் காலத்தில் நீங்களும் உள்ளேதானே நெருப்பு வெச்சீங்க அத்தை?" என்று கேட்டேன். "அது புல்லு வேய்ஞ்ச வூடும்மா, மேல கீழ எல்லாம் சந்து. இது சிமெண்ட்டு வூடு. நீ ஜன்னலையும் சாத்திட்டியே" என்றார். புல் வீட்டிலும் அது முழுப் பத்திரம் இல்லை என்று டாக்டர் சொன்னதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் கறி சுட்டு முடித்ததும் வாசலிலேயே தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறிப் பார்த்து, மறுபடி ஊற்றுகிறோம். சுற்றிலும் காப்புக்காடு, ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து.

வருகிற பொங்கலுக்கும் மகன் அடுப்போடுதான் வருகிறானாம். மண்ணெண்ணெய் கேனை மாமியார் இப்போதே எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். எனக்கும் சொல்லமாட்டேன் என்கிறார்.

— ஒரு வாசகி, சித்தேரி, தருமபுரி மாவட்டம்.