தர்பூசணிக் கொடியில் பெண்பூ: எத்திலீன் செய்யும் வேலை

திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்து மணற்பாங்கான நிலங்களில் மழை ஓய்ந்ததும் தர்பூசணி விதை ஊன்றுகிறார்கள். கொடி ஓடி, மஞ்சளாய்ப் பூக்கும். முதலில் பூத்ததெல்லாம் காய்க்காமலே உதிரும். பயப்பட வேண்டியதில்லை, அவை ஆண்பூக்கள். பெண்பூ சில நாள் பிந்தித்தான் வரும். இதழ்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில், மெல்லிய மயிர் மூடிய பச்சைப் பிஞ்சு இருந்தால் அது பெண்பூ. ஏறத்தாழ ஏழு ஆண்பூவுக்கு ஒன்றுதான் இப்படி வரும்.

செடி எப்போது பூக்க வேண்டும் என்ற உத்தரவு இலையில் பிறக்கிறது. பழைய சம்பா நெல் ரகங்களின் இலைகள் பகல் குறுகுவதை உணர்ந்த பிறகே கதிருக்குத் தயாராகும். இலையிலிருந்து குருத்துக்குப் போகும் அந்தச் சமிக்ஞைக்கு 1937-இல் சோவியத் விஞ்ஞானி சைலக்கியான் 'ஃப்ளோரிஜன்' என்று பெயரிட்டார். அது ஒரு புரதம் என்று உறுதியானது 2007-இல்தான்.

தர்பூசணிக்காரரின் கவலை வேறு: வரும் பூ ஆணா, பெண்ணா? இங்கேதான் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் வருகிறது. கடையில் விற்கும் எத்ரல் செடிக்குள் போய்ச் சிதைந்து இந்த வாயுவை விடுகிறது. காய் பழுக்க வைக்கவும் இதே எத்ரல்தான். தர்பூசணியில் பெண்பூவைக் கூட்ட, விதைத்த 15-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறையாக நான்கு தடவை, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி. கலந்து தெளிக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

வெள்ளரியில் எத்திலீன் பெண்பூவைக் கூட்டும். அதில் சந்தேகமே இல்லை. தர்பூசணியில் கதை அவ்வளவு நேராக இல்லை. ஸ்பெயினின் அல்மேரியா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எத்திலீன் கூடியபோது பெண்பூ குறைந்தது. ஆனால் பெண்பூவுக்குள் மகரந்தத் தாள்கள் வளராமல் தடுக்க அதே எத்திலீன் தேவைப்பட்டது. ஆகவே புது ரகம் போடுபவர், நாலு வரிசையில் மட்டும் தெளித்து, தெளிக்காத வரிசையோடு பூவை எண்ணிப் பார்ப்பது நல்லது. "எல்லாப் பயிருக்கும் பூ கொட்டும்" என்று விற்கும் டானிக்கை நான் நம்புவதில்லை.

பெண்பூ வந்துவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. காலையில் விரியும் பூ அன்றோடு சரி. அதற்குள் தேனீ பலமுறை வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பும், அல்லது காய் கோணலாகும். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், பூ மூடிய பிறகு சாயங்காலம் அடிக்க வேண்டும்.