உதவி இருக்கிறது, வழிதான் தெரியவில்லை
வலது குறைந்தோரும் நமது கடைகளும்

புறக்கோட்டையில் வெள்ளிக்கிழமை என்றால் பல கடைகளில் லாச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி தனியாக இருக்கும். அதில் இருபது, ஐம்பது, நூறு ரூபா நோட்டுகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். காலையிலிருந்து ஜும்ஆ வரைக்கும் வருகின்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஊன்றுகோலோடு வருபவர், கண் பார்வையற்றவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகின்ற தாய் என்று யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கொடுப்பதில் நமது வர்த்தகர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை நாலாம் குறுக்குத் தெருவில் நண்பர் ஒருவரின் பலசரக்கு மொத்த விற்பனைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நண்பர் வழமை போல் நூறு ரூபாவை நீட்டினார். பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"ஒம்பது வருஷம் சேர். நானும் இந்தத் தெருவுலதான் ஸ்டோர்ல வேல செஞ்ச. பதினாலு வருஷம். லொறியால சீனி இறக்கக்குள்ள மூட்ட சரிஞ்சி கால்ல விழுந்த. புண் ஆறல்ல, சீனி வருத்தமும் இருந்த. வெட்டிட்டாங்க."

"அரசாங்கத்தால மாதாந்தம் ஏதாவது வருதா?"

"அப்படி ஒண்டு இருக்கா சேர்?"

நண்பர் என்னைப் பார்த்தார், நான் நண்பரைப் பார்த்தேன். இந்தியாவில் அன்று காலை கொத்தமல்லி என்ன விலை, துறைமுகத்தில் எந்தக் கொள்கலன் தாமதம் என்பதெல்லாம் தொலைபேசியை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் அவருக்குத் தெரியும். தனது தெருவில் பதினாலு வருடம் மூட்டை சுமந்த ஒரு மனிதனுக்கு என்ன உரித்து இருக்கிறது, அதை எங்கே கேட்பது என்பது தெரியாது. சொல்லப்போனால் பத்தி எழுதுகின்ற எனக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. அதன் பின்னர் விசாரித்து அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கவீனர், வலது குறைந்தோர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறி வந்திருக்கிறது. அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளிலும் விண்ணப்பப் படிவங்களிலும் இவற்றில் எதுவும் இருக்கலாம். ஒரு பெயரைத் தேடிப் போய் இன்னொரு பெயரைக் கண்டு, இது நமக்குரிய இடமல்ல என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கு அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 வீதமானோர், பார்வை, செவிப்புலன், நடமாட்டம் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் உடையவர்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். நமது ஊர்களிலும் குடும்பங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இவர்களுக்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஒரு தேசிய சபையும் தேசிய செயலகமும் அமைந்தன. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செவிப்புலன் கருவி, வீடு திருத்த உதவி, சுயதொழில் உதவி, மருத்துவ உதவி என்று பல திட்டங்கள் அச்செயலகத்தின் ஊடாக நடைபெறுகின்றன. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெரிய தொகை அல்லதான். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கடை கடையாக ஏறி இறங்குபவருக்கு அது மாதத்தில் எத்தனை படிக்கட்டு என்று கணக்குப் பாருங்கள்.

இதற்காகக் கொழும்புக்கு வரத் தேவையில்லை. சொந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, அரசாங்க வைத்தியரின் சான்றிதழோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார். நூற்றுக்குத் தொண்ணூறு விடயங்களுக்கு அவர்தான் கதவு. பிரதேச செயலகத்துக்குப் போய் "உதவி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் நான்கு மேசைகளைச் சுற்றி வர நேரிடும். "சமூக சேவை உத்தியோகத்தரைக் காண வேண்டும்" என்று கேட்டால் ஒரே மேசை. குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள், காத்திருப்போர் பட்டியலும் இருக்கக்கூடும். என்றாலும் பதிவு இல்லாதவருக்குப் பட்டியலிலும் இடமில்லை.

நமது மனிதருக்கு வந்த சிக்கல் வேறு. அவருடைய பெயர் இன்னும் மூதூர் வாக்காளர் இடாப்பில். இருப்பதோ கொழும்பில் சகோதரியின் வீட்டில். அதனால் இங்குள்ளவர் அங்கே போகச் சொல்ல, அங்குள்ளவர் இங்கே போகச் சொல்ல, இரண்டு தடவை அலைந்த பின் விட்டுவிட்டாராம். இது புறக்கோட்டையில் வேலைக்கு வந்து தங்கிவிட்ட எத்தனையோ பேருடைய கதை. இப்படியானவர் ஓரிடத்தைத் தீர்மானித்து அங்கேயே பதிவை ஒழுங்குபடுத்திக்கொள்வதுதான் வழி. அதற்கும் யாராவது உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்தின் இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழிலும் பதில் சொல்வார்கள். அலுவலகம் ஒன்று பதிலே தராமல் இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எனது விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது?" என்பதும் ஒரு தகவல்தான். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதனை எழுத்தில் பதிந்துகொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. கண் பார்வையற்றவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை.

செயற்கைக் கால் விடயத்தில் அரசாங்கத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கொழும்பு 2 இல், 1831 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட பிரண்ட் இன் நீட் சொசைட்டி பல வருடங்களாக ஜெய்ப்பூர்க் கால்களைச் செய்து பொருத்தி வருகிறது. வசதியற்றோருக்கு இலவசம். வடக்கில் உள்ளவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. காலை இழப்பவர்களில் பலர் நீரிழிவினால் இழப்பவர்கள். நம் தெருவில் முதலாளிமார், வேலையாட்கள் என்ற வித்தியாசமின்றி அந்த வியாதி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவர். ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்றும் இருக்கிறது. கால் வெட்டிய பின்னர் நடக்கப் பழகுவதும் ஒரு வைத்தியம்தான் என்பதை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நம்மவர்கள் பலருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இனி வருவது கொஞ்சம் கசப்பானது. ஆனால் வர்த்தகப் பத்தியில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

அந்த மனிதர் விழுந்தது வேலை நேரத்தில், வேலைத்தலத்தில். அவருடைய முதலாளி கெட்டவர் அல்லர். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் பார்த்திருக்கிறார், ஊருக்குப் போகும்போது கையில் ஒரு தொகையும் கொடுத்திருக்கிறார். ஆனால் பதினாலு வருடத்தில் ஒரு மாதமேனும் ஊழியர் சேமலாப நிதியோ ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியோ கட்டப்படவில்லை. "நம்மட பொடியன்தானே" என்ற நினைப்பு. இந்த நினைப்பு நமது கடைகளில் சாதாரணம்.

சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியரின் பங்கு 8 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். அது முழுக்க முதலாளியுடையது, சம்பளத்தில் வெட்ட முடியாது. 30,000 ரூபா சம்பளம் என்றால் இந்த 3 வீதம் மாதம் 900 ரூபா. பலர் இதனை வெறும் சேமிப்பு என்று நினைக்கிறார்கள். அங்கத்தவர் நிரந்தரமாக இயலாமற் போனால் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலிருந்து தனியான நன்மை கிடைக்கும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் வயது வரும் வரை காத்திராமல் சேமலாப நிதியையும் மீளப் பெறலாம். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் முதலாளி இவற்றைக் கட்டத்தான் வேண்டும்.

இதற்கு மேலாக 1934 ஆம் ஆண்டின் வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு முதலாளி நட்டஈடு செலுத்த வேண்டும். 2022 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின் வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் ஏற்படும் விபத்துகளும் இதில் அடங்கும். மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்து போகின்ற பொடியன்மாரை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காப்புறுதிக் கம்பனிகள் இதற்கென்றே பொலிசிகள் விற்கின்றன. கடைக்கும் சரக்குக்கும் தீக் காப்புறுதி எடுக்கின்ற நாம், சரக்கைச் சுமப்பவரை மறந்துவிடுகிறோம். ஒன்பது வருடம் கழித்து, சாட்சியும் இல்லாமல் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் அந்த நட்டஈட்டைக் கேட்பது நடக்கிற காரியமல்ல. அந்த மனிதர் விடயத்தில் இந்தக் கதவு மூடிவிட்டது.

வேலை கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும. அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலது குறைந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வந்தது. அது தனியாருக்குப் பொருந்தாது. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஊனத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று மேலே சொன்ன 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், தொழிலைப் பாருங்கள். செவிப்புலனற்ற ஒருவருக்குப் பொதி கட்டவும் நிறுக்கவும் என்ன தடை? நடக்க முடியாதவர் தொலைபேசியில் ஓடர் எடுக்க, கணினியில் பில் அடிக்க என்ன தடை? ஆள் கிடைப்பதில்லை என்று எல்லோரும் புலம்புகின்ற காலத்தில் இதை யோசிக்காமல் இருப்பது நட்டம். சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் சீதுவையிலும் வேறு சில இடங்களிலும் இருக்கின்றன. பயிற்சி முடித்தவர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் இத்துறையில் நீண்ட காலமாக வேலை செய்து வருகிறது.

கடைசியாக நமது கடை வாசல். 2006 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகளின்படி பொதுமக்கள் வந்து போகும் கட்டடங்களில் வலது குறைந்தோர் நுழைவதற்கு வசதி இருக்க வேண்டும். அந்த ஒழுங்குவிதிகள் வெறும் கடதாசியாக இருந்துவிடாமல் உயர் நீதிமன்றம் வரை தனியொருவராகப் போய் வாதாடியவர் கலாநிதி அஜித் பெரேரா. 1992 இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார் மீது மரம் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். 2020 இல் காலமானார். சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம். புறக்கோட்டையின் ஒடுங்கிய நடைபாதையில் எல்லோருக்கும் இது முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊர்களில் புதிதாகக் கடை கட்டுகின்றவர்கள், மேசன் பாஸ் வந்து நிற்கும்போதே சொல்லிவிட்டால் இரண்டு மூன்று மூட்டை சீமெந்தோடு முடிகின்ற வேலை. பிறகு உடைத்துக் கட்டுவதென்றால் செலவு பல மடங்கு.

நாலாம் குறுக்குத் தெரு மனிதருக்கு நண்பர் கடிதம் எழுதிக் கொடுத்தார். மூதூருக்குப் போய் அங்கேயே பதிந்துவிட்டார். கொடுப்பனவு இன்னும் வரவில்லை, பட்டியலில் இருக்கிறார். ஜெய்ப்பூர்க் கால் கிடைத்துவிட்டது. நடந்து பழக இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும்.

அவருடைய பழைய முதலாளியையும் ஒருநாள் சந்தித்தேன். நடந்ததைச் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"இப்ப நம்மட கடைல ஆறு பொடியன்மார் இருக்கிறாங்க. ஈபிஎஃப் பதியணும் எண்டா எங்க போகணும்?"

நாரஹேன்பிட்டி, கிருல வீதி, தொழில் திணைக்களம். மறுநாள் காலையில் போவதாகச் சொன்னார்.